ஒரே தொண்டையில் ஒரு கோரஸ்

கேள்வி: பான் ஈவேரின் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' ஆல்பத்தை நண்பர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். மூன்று முறை கேட்டும் வார்த்தை பிடிபடவில்லை. குரல் எங்கோ புதைந்து கிடக்கிறது. ரெக்கார்டிங் சரியில்லையா, என் காதில் கோளாறா?

பதில்: உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை. வார்த்தையைத் துரத்திக்கொண்டு ஓடுவதால்தான் களைத்துப்போகிறீர்கள். இந்தப் பாடல்களில் வார்த்தை பின்னால் வந்தது. பான் ஈவேர் என்ற பெயரில் பாடும் ஜஸ்டின் வெர்னன் முதலில் மெட்டை அர்த்தமில்லாத ஓசைகளாகவே பாடிப் பதிந்துகொண்டார். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த ஓசையில் எந்தச் சொல் உட்காரும் என்று தேடி வரிகளை அமைத்தார். தத்தகாரத்துக்குப் பாட்டெழுதுவது போலத்தான். உயிரெழுத்துகள் நீண்டு நின்று மெய்யெழுத்துகள் கரைந்துபோவதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

ஆல்பம் பிறந்த கதை உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள்: குழு கலைந்து, உடம்பும் கெட்டு, 2006 குளிர்காலத்தில் விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிலில் தனியாகத் தங்கியது. 2007இல் தானே வெளியிட்டார், 2008இல் ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. நல்ல கதைதான். ஆனால் பனியும் தனிமையும் மட்டும் இந்தச் சத்தத்தைக் கொடுத்துவிடாது.

கொடுத்தது அடுக்கு. இயல்பான குரலுக்கு மேலே எழும் கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ) ஒரு முறை பாடுகிறார். அதன் மேல் அதே வரியை மறுபடியும் பாடுகிறார், பிறகு கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. ஒரே மனிதர் எத்தனை முறை பாடினாலும் மூச்சு அதே இடத்தில் விழாது, சுருதி மயிரிழை விலகும். அந்த விலகல்கள் ஒன்றோடொன்று உரசும்போதுதான் ஒற்றைக் குரல் கூட்டமாகிறது. நீங்கள் 'புதைந்து கிடக்கிறது' என்று சொன்னது இதைத்தான். குரல் மறைந்துபோகவில்லை, பலவாகிவிட்டது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் இதை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். ஒரு பாடகி ஒரே ஹம்மிங்கை நான்கு டேக் பாடிக் கொடுத்துவிட்டுப் போனார். இரவு முழுக்க உட்கார்ந்து நான்கையும் கம்ப்யூட்டரில் இழுத்து நேர்ப்படுத்தினேன், சுருதியையும் திருத்தினேன். மறுநாள் வந்து கேட்டவர், "இது யாரு பாடினது?" என்றார். நான்கு பேர் நின்ற இடத்தில் ஒரு ஆர்கன் வாத்தியம் நின்றது. எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தோம். அன்று அவர் முகத்தில் பார்த்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

'தி வுல்வ்ஸ்' பாடலின் பின்பாதியிலிருந்து தொடங்குங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து, குரல் மேல் குரலாக ஏறிக்கொண்டே போகும். வார்த்தையை விட்டுவிடுங்கள். எத்தனை குரல் என்று எண்ணப் பாருங்கள். நான்கைந்து வரை எண்ணலாம், அப்புறம் எண்ணுவதை விட்டுவிடுவீர்கள்.

கேள்வி: என்னிடம் ஒரு மைக், ஒரு அகூஸ்டிக் கிட்டார், லேப்டாப் இருக்கின்றன. இந்த மாதிரி சத்தம் வீட்டில் வருமா? ஒரு குரல் ட்ராக்கைக் காப்பி செய்து நாலு தரம் ஒட்டினேன், பலனில்லை.

பதில்: வரும். வெர்னனிடமும் பெரிய மைக் இல்லை. மேடையில் கிட்டார் ஆம்ப்புக்கும் ஸ்னேர் டிரம்முக்கும் வைக்கிற ஷூர் எஸ்எம்57தான்.

காப்பி செய்ததில்தான் தவறு. ஒரே அலையின் மேல் அதே அலையை வைத்தால் சத்தம் கூடும், அவ்வளவுதான். கோரஸ் கிடைக்காது. முழுப் பாட்டையும் மறுபடி பாடுங்கள். இரண்டாவது முறை பாடும்போது முதல் ட்ராக்கை ஹெட்ஃபோனில் மெதுவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதிகம் வைத்தால் அதைப் பின்தொடர ஆரம்பித்துவிடுவீர்கள். வரியின் கடைசி ட், ஸ் போன்ற ஒலிகளை ஒரு ட்ராக்கில் மட்டும் தெளிவாகச் சொல்லி மற்றவற்றில் விழுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டாசு போல ஒவ்வொன்றாக வெடிக்கும். ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் தள்ளுங்கள்.

மைக்குக்கு நாலு விரற்கடை தூரத்தில் நின்று, பக்கத்தில் தூங்குகிறவர் எழுந்துவிடாத அளவுக்குப் பாடுங்கள். இந்த வகை மைக்கை நெருங்க நெருங்க அடிக்குரல் தடிக்கும், அதனால் மெல்லப் பாடினாலும் குரலில் கனம் இருக்கும். கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டாதீர்கள். பழசின் மங்கிய ஓசைதான் இங்கே குரலுக்கு இடம்விடும்.

முதல் இரண்டு ட்ராக் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். மூன்றாவதை எங்கே வைப்பது என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.