பிரியாணி சேலஞ்ச்: 1,200 பார்சலும் 17,200 ரூபாயும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

செங்கோட்டையில் நாங்கள் 24 பேர் சேர்ந்து ஒரு சேவை மன்றம் நடத்துகிறோம். இன்னும் பதிவு செய்யவில்லை. எங்கள் ஊர் லோடு ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளுக்குத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடக்கிறது. அதற்காக, எல்லைக்கு அப்பால் கேரளத்தில் ஆரியங்காவு, புனலூர் பக்கம் நடத்துவதைப் பார்த்து, நாங்களும் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சேலஞ்ச் வைத்தோம், அதாவது முன்கூட்டியே கூப்பன் விற்று, பிரியாணி பார்சல் கொடுத்து நிதி திரட்டுவது. ஆளுக்கு 50 வீதம் 1,200 கூப்பன், ஒரு பார்சல் 120 ரூபாய். 1,110 கூப்பனுக்கான பணம் வந்தது, 1,33,200 ரூபாய். மீதி 90 கூப்பன் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. செலவு 1,16,000. கையில் நின்றது 17,200. 150 கிலோ அரிசி போட்டும் 1,100 பார்சலோடு சாப்பாடு தீர்ந்துவிட்டது. கூப்பனோடு வந்த 40 பேரைத் திருப்பி அனுப்பினோம். புளியரையில் சிலர் புளித்துப் போயிருந்தது என்று சொன்னார்கள். விடியற்காலை 2 மணிக்கே அடுப்பு மூட்டி, 6 மணிக்குப் பார்சல் கட்டத் தொடங்கிவிட்டோம். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி ஆயிற்று.

எங்கே தவறினோம்? அடுத்த முறை கூப்பனுக்குக் குலுக்கல் வைத்து முதல் பரிசு ஸ்கூட்டர் என்று அறிவிக்கலாமா? அன்றைக்கே ரத்ததான முகாமும் வைக்கலாமா? செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்,
செங்கோட்டை

*

அன்புள்ள தம்பி,

கணக்கை இணைத்து அனுப்பியதால் பதில் சொல்வது எளிதாகிவிட்டது. அரிசி 18,000, கோழி 36,900, எண்ணெயும் நெய்யும் 8,400, வெங்காயம் தொடங்கி மசாலா வரை 12,500, மாஸ்டருக்கும் ஆட்களுக்கும் 14,000, விறகு 4,000, பாத்திர வாடகை 3,000, டப்பாவும் பையும் 9,600, ஊறுகாயும் தயிர்ப் பச்சடியும் 3,600, அச்சுக்கூலி 2,000, வண்டி 4,000. இதில் ஊதாரித்தனமான செலவு என்று எதையும் சொல்ல முடியாது. சிக்கலும் அதுதான். ஒரு பார்சலுக்கு அடக்கம் 97 ரூபாய் ஆகிவிட்டது. ஒரு கூப்பன்கூடக் காணாமல் போகாமல் 1,200ம் விற்றிருந்தாலும் உங்களுக்கு மிஞ்சியிருப்பது 28,000தான். காணாமல் போன கூப்பனால் இழந்தது 10,800. அதற்காக நீங்கள் ஒருவரையொருவர் சந்தேகப்படுவது புரிகிறது. ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும் கடை விலைக்கு வாங்கிச் சமைத்து 120க்கு விற்பது ஓட்டல் வியாபாரம். அதில் பழுத்தவர்களுக்கே லாபம் குறைவு. கேரளத்தில் பிரியாணி சேலஞ்சில் பணம் சேர்வதற்குக் காரணம் பிரியாணி இல்லை. அரிசி ஒரு மொத்த வியாபாரி தருவார், பாத்திரம் பள்ளிவாசலிலிருந்தோ சர்ச்சிலிருந்தோ வரும், வெங்காயம் உரிப்பது அந்தத் தெருவின் பெண்கள், வண்டி மன்றத்துப் பையன்களுடையது. இப்படி இலவசமாக வந்து சேர்ந்ததுதான் நிதி. பிரியாணி அதைப் பணமாக மாற்றித் தரும் வழி, அவ்வளவுதான்.

உங்கள் கணக்கையே மறுபடி போட்டுப் பாருங்கள். 150 கிலோ அரிசியை ஒரே ஆளிடம் கேட்டால் தயங்குவார். மூட்டை மூட்டையாக ஆறு பேரிடம் கேட்டால் கிடைத்துவிடும். விறகுக்கு நீங்கள் 4,000 கொடுத்ததுதான் ஆச்சரியம். பிரானூர் பார்டரில் இத்தனை மர அறுவை மில்லை வைத்துக்கொண்டு விறகுக்குக் காசா? (செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்த 1956 நவம்பர் 1லேயே மாநில எல்லை அங்கிருந்து நகர்ந்துவிட்டது, ‘பார்டர்’ மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டது.) மாஸ்டரை மட்டும் கூலிக்கு வைத்து, கையாள் வேலையை உங்கள் 24 பேரும் செய்தால் 14,000 என்பது 6,000 ஆகும். அரிசி, விறகு, பாத்திரம், வண்டி, கையாள் கூலி ஆகியவற்றில் மட்டும் 37,000 மிச்சம். செலவு 79,000க்கு இறங்கும். அதே 120க்கு விற்றாலும் 65,000 நிற்கும். 150க்கு விற்றால் 1,01,000. நோக்கம் தெரிந்து வாங்குகிறவர்கள் 30 ரூபாய் கூடுதலுக்கு முகம் சுளிப்பது குறைவு. அளவு குறைந்தால்தான் சுளிப்பார்கள்.

கோழியையும் மொத்தமாக வாங்க முடியும். 140 கிராம் துண்டு ஒரு பார்சலுக்கு ஒன்று என்றால் 1,200க்கு 168 கிலோ கறி. தோலுரித்துச் சுத்தம் செய்தபின் உயிர் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் கறியாக நிற்கும் என்பதால், 250 கிலோ உயிர்க்கோழி வேண்டும். பண்ணை விலையையும் வெட்டுக்கூலியையும் கூட்டி, கடைக் கறி விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். முந்தின நாள் மாலையே கறியை வாங்கி மசாலா தடவிவைக்கும் யோசனை வேண்டாம். 168 கிலோவுக்குக் குளிர்பதனப் பெட்டி உங்களிடம் இல்லை.

சாப்பாடு ஏன் 1,100 பார்சலோடு தீர்ந்தது? ஒரு கிலோ சீரகச் சம்பா கறியும் மசாலாவும் சேர்ந்து ஏறக்குறைய 3.4 கிலோ பிரியாணி ஆகும். 150 கிலோவுக்கு 510 கிலோ. டப்பாவுக்கு 425 கிராம் என்றால் சரியாக 1,200. நீங்கள் கண்ணளவில் கரண்டி போட்டிருக்கிறீர்கள். சராசரி 465 கிராம் விழுந்திருக்கிறது. கூடுதலாக விழுந்த 40 கிராம்தான் 100 பார்சலைத் தின்றது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 425 கிராம் பிடிக்கும் கிண்ணம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் அள்ளிக் கவிழ்ப்பது. இருபது டப்பாவுக்கு ஒன்றை மட்டும் தராசில் வைத்தால் போதும். இரண்டு, தம் உடைத்ததும் கறித்துண்டுகளைத் தனித் தாம்பாளத்தில் எடுத்து எண்ணிவிடுவது. டப்பாவில் முதலில் துண்டு, மேலே சோறு. இல்லாவிட்டால் முதல் நூறு பேருக்கு இரண்டு துண்டும் கடைசி நூறு பேருக்குக் குஸ்காவும் போகும். கோழிச் சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இனி புளியரை விவகாரம். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை 6 மணிக்கு அடைத்த டப்பா பகல் ஒன்றரைக்குப் போனால் ஏழரை மணி நேரம். வெந்த சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் கிருமிக்கு அது தொட்டில். அரிசியோடு வரும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (ஸ்போர்) கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. போதாததற்கு மூடிக்குள் ஆவி வியர்த்துச் சோற்றிலேயே சொட்டும். அதன்மேல் தயிர்ப் பச்சடிப் பொட்டலத்தைச் சூடான டப்பாவோடு ஒட்டிவைத்தால், முதலில் கெடுவது அதுதான். சிலருக்குப் புளித்தது பிரியாணியா பச்சடியா என்பதே எனக்குச் சந்தேகம். கடையில் கிடைக்கும் சிறிய ஊறுகாய்ப் பாக்கெட்டும் ஒரு துண்டு எலுமிச்சையும் போதும். பச்சடியை விட்டுவிடுங்கள்.

ஒரே மூச்சில் சமைக்காமல் மூன்று ஈடாகப் பிரியுங்கள். ஒரு ஈட்டுக்கு 25 கிலோ அண்டா இரண்டு, 400 பார்சல். தம் உடைப்பது 9, 10, 11 மணி. வரிசையாக ஆறு பேர் நின்றால் நிமிடத்துக்கு ஆறேழு டப்பா மூடலாம், எனவே ஒரு ஈடு ஒரு மணி நேரத்தில் முடியும். முதல் ஈடு புளியரை, தெற்குமேடு போன்ற தூரத்து ஊர்களுக்கு, இரண்டாவது இலஞ்சி, பண்பொழி வழிக்கு, கடைசி ஊருக்குள். எல்லாம் ஒரு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். மூடியில் சமைத்த நேரமும் ‘2 மணிக்குள் சாப்பிடவும்’ என்பதும் இருக்கட்டும். அண்டாவை 25 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். மேல் சோற்றின் பாரத்தில் அடியில் உள்ளது குழையும். வீட்டில் சீரகச் சம்பாவுக்கு ஒன்றுக்கு ஒன்றரை தண்ணீர் வைப்பார்கள். அண்டாவில் ஆவியாவது குறைவு, தக்காளியும் தயிரும் வேறு நீர்விடும், ஆகவே அதற்கும் கீழே வைப்பதே சரி. இதில் மாஸ்டர் சொல்வதைக் கேளுங்கள், மன்றத் தலைவர் சொல்வதை அல்ல.

கையில் வெட்டுக்காயம், புண் உள்ளவர்கள் பார்சல் வரிசைக்கு வரக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்கும் உணவு சுற்றும் தாளுக்கும் தடை இருக்கிறது, எனவே ஃபாயில் டப்பாவும் காகிதப் பையும். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு பதிவு வேண்டும். பதிவு வைத்திருக்கும் மாஸ்டரை அமர்த்தினால் அவருடைய எண்ணைக் கூப்பனில் அச்சடித்துவிடலாம்.

கூப்பனுக்கு வருகிறேன். 1,100 பார்சல் போயிற்று, 40 பேர் திரும்பினார்கள், ஆக வெளியே போன கூப்பன் குறைந்தது 1,140. பணம் வந்தது 1,110க்கு. 30 கூப்பனின் பணம் உங்களில் சிலரிடம் நிற்கிறது, இல்லையென்றால் கடனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மீதி 60 பெரும்பாலும் விற்காமல் யார் வீட்டு மேசையிலோ கிடக்கும். திருட்டு என்று பேசுவதற்கு முன் அடிக்கட்டைகளை எடுத்துப் பாருங்கள். அடிக்கட்டையே இல்லை என்றால் அதுதான் குற்றம். அடுத்த முறை வரிசை எண்ணோடு மூன்று பகுதியாக அடியுங்கள்: அடிக்கட்டை மன்றத்துக்கு, நடுத்துண்டு பார்சல் கொடுக்கும்போது கிழித்து வாங்க, கடைசித் துண்டு வாங்கியவருக்கு. ஞாயிறு சமையல் என்றால் புதன் இரவோடு விற்பனை முடிந்தது. விற்காத புத்தகமும் பணமும் அன்றே திரும்பி வர வேண்டும். வியாழன் காலை எண்ணிக்கை தெரிந்த பிறகே அரிசிக்கும் கோழிக்கும் சொல்ல வேண்டும். பணம் உறுப்பினர்களின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போகக் கூடாது. மன்றக் கணக்கின் ஒரே கியூஆர், இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம்.

அந்தக் கணக்குத் தொடங்கப் பதிவு இருந்தால் எளிது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, ஏழு பேர் இருந்தாலே பதிய விடுகிறது. 20 பேருக்கு மேல் போனாலோ ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். நீங்கள் இரண்டையும் தாண்டிவிட்டீர்கள். புனலூர் நண்பர்களின் விதிமுறைப் புத்தகத்தை நகலெடுக்க வேண்டாம். அவர்களுக்குத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம், 1955. செங்கோட்டை அங்கிருந்து பிரிவதற்கு முந்தைய ஆண்டு வந்தது அது.

குலுக்கல் வேண்டவே வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு எண்ணைக் குலுக்கிப் பரிசு கொடுத்தால் அது லாட்டரி. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது. ஆரியங்காவில் கடை கடையாகத் தொங்குவது 1967இல் தொடங்கிய கேரள அரசு லாட்டரித் துறையின் சீட்டு. அரசு நடத்தலாம் என்பதால் மன்றம் நடத்தலாம் என்று ஆகாது. அங்கேயும் தனியார் பரிசுக் கூப்பன் சட்டப்படி செல்லாது. ஸ்கூட்டர் ஆசைக்காக வழக்கு வாங்காதீர்கள்.

பணம் பெருக்க வேறு வழி வேண்டுமென்றால் பழைய சாமான் சேகரிப்பு இருக்கிறது. 2020இல் கொரோனா நேரத்தில் டி.ஒய்.எஃப்.ஐ. என்ற இளைஞர் அமைப்பினர் ‘ரீசைக்கிள் கேரளா’ என்று வீடு வீடாகப் பழைய பேப்பரும் இரும்பும் திரட்டி விற்று, முதல்வர் நிவாரண நிதிக்குப் பத்துக் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள். அடக்க விலை சைபர். எடையை மட்டும் உங்கள் தராசில் போட்டுவிட்டு வியாபாரியிடம் போங்கள். பேட்டரியும் டியூப்லைட்டும் வாங்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் பாதி ஊர் மாலை போட்டிருக்கும், கோழி பிரியாணி விலை போகாது. அந்த மாதங்களுக்கு இது பொருந்தும்.

ரத்ததானத்தைத் தனி நாளில் வையுங்கள். இரவு முழுக்க அடுப்படியில் நின்று தூங்காதவன் காலையில் ரத்தம் கொடுத்தால் மயங்கி விழுவான். உங்கள் 24 பேரும் அந்த நிலையில்தான் இருப்பீர்கள். 18 முதல் 65 வயது, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5, ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி. இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் சங்கடம் குறையும்.

சிகிச்சைப் பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுக்காமல், மருத்துவமனையில் நோயாளி எண்ணின் பேரில் கட்டி ரசீது வாங்குங்கள். அதற்கு முன் முதலமைச்சர் காப்பீட்டில் எது வரும், எது வராது என்று விசாரித்துவிடுங்கள். காப்பீட்டில் வராத மருந்து, ஸ்கேன், தங்கும் செலவு ஆகியவைதான் நீங்கள் கொடுக்க வேண்டிய இடம். வரவுசெலவை பில் படங்களோடு ஒரு வாரத்துக்குள் கூப்பன் வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள், அந்த 90 கூப்பன் விவரத்தையும் மறைக்காமல்.

கூப்பனோடு திரும்பிப் போன 40 பேருக்கு 4,800 ரூபாய் பாக்கி இருக்கிறது. அதை அந்தப் பிள்ளையின் 17,200இலிருந்து எடுக்காதீர்கள். நீங்கள் 24 பேர். ஆளுக்கு 200 ரூபாய்.