டெக்சாஸில் பாஸ் பிடிக்கப் போகும் கோத்தகிரித் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி வந்தபோது நான் நீலகிரியில், எமரால்டு ஊரில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளாகச் சாரல் விடவில்லை, கரண்டும் இல்லை. லீவு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதனால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது இதுதானே: டெக்சாஸில் டைலர் என்ற ஊர்ப் பக்கம் வந்து நாலு மாதம் ஆகிறது, சனி ஞாயிறு அறையில் அடைந்து கிடக்க முடியவில்லை, கூட வேலை பார்ப்பவர்கள் பாஸ் மீன் பிடிக்கப் போகிறார்கள், எந்த ராட் (தூண்டில் கோல்), எந்த ரீல் (நூல் சுற்றும் உருளை), எத்தனை லூர் (பொய் இரை), மலிவாக வரும் பழைய படகை வாங்கலாமா. கூடவே கிரெடிட் ஸ்கோர், கார் இன்சூரன்ஸ், இட்லி அரிசி. இந்தக் கடைசி மூன்றுக்கும் அங்கே நம்மவர்கள் கேட்காமலே பதில் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நான் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு நீச்சல் தெரியுமா?

தெரியாது என்றுதான் நினைக்கிறேன். சமவெளிப் பிள்ளைகள் ஆறு வயதில் கிணற்றில் குதித்துப் பழகிவிடுவார்கள். நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். அப்பாவுக்குக் குந்தா மின் திட்டத்தில் வேலை. குவார்ட்டர்ஸிலிருந்து இறங்கினால் அணைத் தண்ணீர். ஆனால் கணுக்கால் நனைந்தாலே குளிர் எலும்புக்கு ஏறும், யார் இறங்குவார்கள்? மூங்கில் குச்சி, நைலான் நூல், தக்கை, உருளைக்கிழங்குத் தோட்டத்தில் தோண்டிய மண்புழு. கரையில் நின்றபடியே கெண்டை பிடிப்போம், அவ்வளவுதான். தண்ணீருக்குப் பக்கத்தில் வளர்ந்ததால் தண்ணீரைத் தெரியும் என்று ஒரு நினைப்பு மட்டும் வந்துவிட்டது. அந்த நினைப்பு என்னைக் கொன்றிருக்கும்.

2007-ல் நர்ஸ் வேலைக்குப் போனேன். வெளிநாடு என்றால் குளிர் என்று நினைத்து இரண்டு பெட்டியில் ஒன்று முழுக்கக் கம்பளி. இறங்கியது ஆகஸ்ட் மாதம் டாலஸில், வெயில் நாற்பது டிகிரி. குரங்குக்குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு விமான நிலைய வாசலில் நின்ற என்னை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அப்போது வரவில்லை. கார் ஓட்டத் தெரியாது, பஸ் கிடையாது, இரவு ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்க்கிங்கை எண்ணிக்கொண்டிருப்பேன். நீங்கள் எழுதிய அந்த அறை எனக்கு நன்றாகத் தெரியும்.

என்னோடு இரவு ஷிப்ட் பார்த்த ஒரு வெள்ளைக்கார அம்மாதான் என்னை வெளியே இழுத்துப் போனார். அறுபது வயதிருக்கும். ஒரு பிப்ரவரி மாதம் லேக் போர்க் ஏரிக்கு அவருடைய ஜான் போட்டில் போனோம். ஜான் போட் என்றால் அடி தட்டையான அலுமினியப் படகு. அந்த ஏரி 1980-ல் அணை போட்டுத் தேக்கியது. மீனுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று உள்ளே இருந்த மரங்களில் நிறையப் பகுதியை வெட்டாமலே விட்டார்கள். பட்டுப்போன மரங்கள் ஏரி நடுவே நிற்கும். தண்ணீருக்கு மேலே தெரிபவை பரவாயில்லை, அரை அடி கீழே இருக்கும் மொட்டைகள்தான் எமன். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். நான் போட்டோ எடுக்க எழுந்து நின்றேன். படகு ஒரு மொட்டையில் இடித்தது. அடுத்த நொடி நான் தண்ணீரில்.

லைப் ஜாக்கெட் இருந்தது, சீட்டுக்கு அடியில், சொட்டு நனையாமல். சில்லென்ற தண்ணீருக்குள் திடீரென்று விழுந்தால் நம்மை அறியாமல் மூச்சை உள்ளே இழுப்போம். தலை தண்ணீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் போகும். எனக்குப் போனது. அந்த அம்மா துடுப்பை நீட்டி, காலரைப் பிடித்து, பின்பக்கமாக இழுத்துப் போட்டார். வீடு திரும்பும்வரை திட்டவே இல்லை. வாசலில் இறக்கிவிடும்போது, "நீ நீந்தக் கற்றுக்கொள்ளும்வரை என் படகில் ஏறாதே" என்றார். முப்பத்து நாலு வயதில், ஐந்து வயதுக் குழந்தைகளோடு நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். நாலு மாதம். இப்போது ஒரு மைல் நீந்துவேன், எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் ஐந்துக்கு நாலு பேர் ஜாக்கெட் போடாதவர்கள் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிறது. படகில் ஆளுக்கு ஒரு ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர்கள் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அதுதான் வினை. கடையில் மெல்லிசாக, கழுத்தில் மாலை மாதிரி ஒன்று காட்டுவார்கள், கேஸ் நிரம்பி ஊதிக்கொள்ளும் வகை. நீச்சல் தெரியாதவர்களுக்கு அது ஆகாது. நுரை வைத்த பழைய மாதிரியை வாங்குங்கள். போட்டுப் பட்டியை இறுக்கி, தோள் பக்கம் யாரையாவது மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் உங்களுக்குப் பெரிது.

இப்போது அந்த மலிவுப் படகு. வாங்காதீர்கள், இந்த வருடம் வேண்டாம். முதல் ஆறு மாதம் கரையிலிருந்தே பிடிக்கலாம். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையில் நின்று பிடிக்க உரிமம்கூடத் தேவையில்லை. மற்ற இடங்களில் உரிமம் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அங்கே குடியிருந்தால்தான் உள்ளூர்க்காரர் கட்டணம், நாலு மாதக்காரருக்கு வெளியூர்க் கட்டணம். செப்டம்பரில் உரிம ஆண்டு புதிதாகத் தொடங்கும். ஜூலையில் காசைக் கொட்டாமல் கொஞ்சம் பொறுத்தால் மிச்சம்.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், பழைய படகில் முதலில் பார்க்க வேண்டியது காகிதம். டெக்சாஸில் படகுக்கு ஒரு டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், வெளியே மாட்டும் மோட்டாருக்குத் தனியாக ஒரு டைட்டில். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்தாலும் படகைப் பதிவு செய்ய வேண்டும். "பில் தருகிறேன், டைட்டில் அப்புறம்" என்று சொன்ன ஒருவரிடம் நான் 900 டாலர் கொடுத்தேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அந்தப் படகில் நான் செய்த புண்ணியம் இன்னொன்று: முதல் நாள் தண்ணீரில் இறக்கும்போது பின்னால் தண்ணீர் வடியும் ஓட்டையை அடைக்கும் ட்ரெயின் பிளக்கை மாட்ட மறந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கால் நனைந்தது. கரையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் ஒருநாள் நடந்திருக்கிறது. இப்போது பிளக்கைக் கார் சாவியோடு கட்டி வைத்திருக்கிறேன்.

ஜான் போட்டில் 1232, 1448 என்று எண் சொல்வார்கள். முதல் இரண்டு இலக்கம் நீளம், அடியில். அடுத்த இரண்டு அடிப்பாகத்தின் அகலம், அங்குலத்தில். 32 அங்குலத்தில் எழுந்து நிற்பது கம்பி மேல் நடப்பது போல. 48 என்றால் நிற்கலாம். உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், எத்தனை பவுண்டு என்று இருக்கும். நம் ஆட்கள் அதைப் பிரியாணிப் பாத்திரத்தின் கொள்ளளவு மாதிரி நினைத்து, இன்னும் ஒருவர் உட்காரலாம் என்பார்கள். உட்கார முடியாது. மோட்டார் மூன்று குதிரைத்திறனோ அதற்கு மேலோ இருந்தால், நீங்கள் விழுந்ததும் மோட்டாரை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள், 2021-லிருந்து அதுவும் சட்டம். ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். ஜீப்ரா மசல் என்ற சிப்பி ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குத் தொற்றாமல் இருக்க அந்த ஏற்பாடு. படகுக்குப் பதில் காயக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகும் நல்லதுதான், காற்றில்லாத நாளில்.

பளபளக்கும் இருபது அடி பாஸ் போட், 250 குதிரைத்திறன் என்று படம் அனுப்பிப் பெருமை பேசுவோரும் உண்டு. புதிதாக வாங்கினால் எழுபது, எண்பதாயிரம் டாலர் சர்வ சாதாரணம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கடன் போட்டு வாங்கியது. வாசலில் நிறுத்தக் குடியிருப்போர் சங்கம் விடவில்லை. மாத வாடகைக்கு வேறிடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீரைப் பார்த்தது மூன்று தடவை, பேஸ்புக்கைப் பார்த்தது முப்பது தடவை.

சரி, ராட், ரீல். பாஸ் என்றதும் நம் கொடுவா என்று நினைக்காதீர்கள். அதை ஸீ பாஸ் என்று விற்பதால் வந்த குழப்பம் அது. லார்ஜ்மவுத் பாஸ் வேறு குடும்பம், ஆனால் குணத்தில் நம் விரால்தான். அதிகம் துரத்தாது, பாசிக்குள்ளோ மரத்தின் நிழலிலோ ஒளிந்திருந்து பாயும். அதனால் ஏரி நடுவில் வீசிப் பயனில்லை. எங்கே ஒதுங்க இடம் இருக்கிறதோ அங்கே வீசத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏழு அடி, மீடியம் ஹெவி ராட் ஒன்று. 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று. 30 பவுண்டு பின்னல் நூல், முனையில் இரு கை விரித்த நீளத்துக்கு 12 பவுண்டு புளோரோகார்பன் நூல். கொக்கியைக் கட்டப் பாலோமர் முடிச்சு, அதை ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே நூறு தடவை போடுங்கள். பெய்ட்காஸ்டர் என்ற இன்னொரு வகை ரீல் அழகாக இருக்கும், இப்போது வேண்டாம். லூர் தண்ணீரில் விழுந்து நின்ற பிறகும் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும், பெருவிரலால் அணைக்கத் தெரியாவிட்டால் நூல் தூக்கணாங்குருவிக் கூடு ஆகிவிடும். முதல் மாதம் நான் மீன் பிடித்ததைவிடக் கூடு பிரித்ததுதான் அதிகம்.

லூர் எத்தனை? மூன்று. பெட்டி பெட்டியாக விற்கும் லூரெல்லாம் மீனைப் பிடிக்க அல்ல, நம்மைப் பிடிக்க. முதலாவது பிளாஸ்டிக் புழு. நிக் கிரீம் என்பவர் 1949-ல் ஒஹாயோவில் வீட்டு அடுப்பில் காய்ச்சி வார்த்தது, அப்புறம் கம்பெனி வந்து சேர்ந்தது உங்கள் டைலருக்குத்தான். தோட்டா மாதிரி ஒரு எடையை முன்னால் கோத்து, கொக்கி முனையைப் புழுவுக்குள்ளேயே மறைத்துவிட்டால் பாசியில் மாட்டாது. அதுதான் டெக்சாஸ் ரிக். கீழே விழ விடுங்கள், மெல்ல இழுங்கள், நிறுத்துங்கள். பெரும்பாலும் விழும்போதுதான் கடிக்கும், நூல் பக்கவாட்டில் நகர்ந்தால் அதுவே கடி. இரண்டாவது, கலங்கல் தண்ணீருக்குச் சுழலும் தகடு வைத்த ஸ்பின்னர்பெய்ட். மூன்றாவது ரப்பர் தவளை, பாசி மேல். விரால் பிடித்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம், ஆனால் அதற்கு 50 பவுண்டுக்குக் குறையாத பின்னல் நூல் வேண்டும். தெளிந்த தண்ணீருக்குப் பச்சை, பழுப்பு, கலங்கலுக்குக் கறுப்பு. நிறத்தைப் பற்றி இதற்கு மேல் பேசுபவர் கடைக்காரர்.

கரையில் நடக்கும்போது மரத்திலோ வேலிக் கம்பத்திலோ ஊதா நிறத்தில் செங்குத்தாகப் பெயின்ட் அடித்திருந்தால் திரும்பிவிடுங்கள். அத்துமீறி நுழையாதே என்று பலகை வைத்ததற்குச் சமம். அலங்காரம் என்று நினைத்து நான் உள்ளே போய், துப்பாக்கியும் நாயுமாக வந்த ஒரு பெரியவருக்கு விளக்கம் சொல்ல நேர்ந்தது. நாய் நல்ல நாய்.

மாநிலப் பொது விதிப்படி லார்ஜ்மவுத் 14 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், நாளுக்கு ஐந்துக்கு மேல் கூடாது. லேக் போர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதை வைத்துக்கொள்ளக் கூடாது. ஏரிக்கு ஏரி மாறும், போவதற்கு முன் அந்த வருட விதியைப் படியுங்கள். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று பன்னிரண்டு அங்குல மீனைப் பையில் போடும் நம்மவர்களோடு சேராதீர்கள். கேம் வார்டன், அதாவது வேட்டை, மீன்பிடி விதிகளைக் காக்கும் அதிகாரி, பார்ப்பார். நான் பெரும்பாலும் திரும்ப விட்டுவிடுவேன். "குழம்புக்கு ஆகாததற்கு ஏன் இந்தப் பாடு" என்று பதினைந்து வருடமாக ஒரே கேள்வி. அண்ணிகூட நேற்று கேட்டாள்.

ஊருக்குத் திரும்பும்போது இந்த ராடைக் கொண்டுவந்து இங்கே போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாஸ் இங்கே கிடையாது, இல்லாததும் நல்லதுதான். ஜப்பானில் பிவா ஏரியில் அதை விட்டுவிட்டு, 2009-ல் 22 பவுண்டு 4 அவுன்ஸ் என்று 1932-ன் ஜார்ஜியா சாதனைக்குச் சமமாக ஒரு மீனும் பிடித்தார்கள். ஆனால் அங்கே அது அழிக்க வேண்டிய அந்நிய இனம், உயிரோடு கொண்டுபோகவே தடை. நம் அவலாஞ்சி ட்ரவுட்டும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டதுதான், ஊட்டி ஏரியின் கண்ணாடிக் கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து வந்தது. இந்த இரண்டு வந்தேறிகளே போதும். இங்கே பிடிக்க மீன்வளத் துறையில் அனுமதி கேளுங்கள், அணைக்கரையில் சும்மா போய் நிற்காதீர்கள். எங்கள் காலம் வேறு. வாட்ச்மேன் மாமாவுக்கு ஒரு கெண்டை கொடுத்தால் முடிந்தது.

நேற்று சாரல் கொஞ்சம் விட்டபோது அந்தப் பக்கம் நடந்தேன். குவார்ட்டர்ஸ் பாதி பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் நின்ற பாறை தண்ணீருக்குள் போய்விட்டது, இந்த முறை அணை நிறையும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கோத்தகிரியில் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். வர்க்கி இரண்டு பாக்கெட், தைலம் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். நான் வந்ததும் டைலருக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் ஏழு அடி ராட் ஒன்று சும்மா கிடக்கிறது, அதையும் தருகிறேன். ஜாக்கெட்டை மட்டும் நீங்களே வாங்கி, போட்டுக்கொண்டு வாருங்கள். தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறேன்.