பள்ளியில் பைக் மெக்கானிக் வகுப்பு தொடங்க வேண்டுமா? முதலில் ஆளை உறுதி செய்யுங்கள்

கேள்வி: நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வண்டி வேலை என்றால் அவ்வளவு ஆசை. பள்ளியில் 20க்கு 20 அடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கும் இரண்டு மெக்கானிக்குகள் சொல்லித்தர வருகிறேன் என்கிறார்கள். ஒரகடம் வண்டித் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது ஐயா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அந்த அறை போதுமா?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது பணமோ அறையோ அல்ல, அந்த இரண்டு மெக்கானிக்குகள்தான். மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் 20 வருடங்களுக்கு மேல் வண்டி வேலை சொல்லிக்கொடுத்தவன் நான். பணம் எப்படியாவது வந்துவிடும், கருவிகளையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். ஆனால் வாரம் தவறாமல் வந்து பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும் ஒரு வேலைக்காரர் கிடைப்பது குதிரைக்கொம்பு. ரிப்பன் வெட்டித் திறந்த பட்டறை ஒன்று, சொல்லித்தர ஆளில்லாமல் ஆறே மாதத்தில் பூட்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே புது ஸ்பேனர்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன.

அதனால் அறைக்கு வெள்ளை அடிப்பதற்கு முன் அந்த இருவருடனும் உட்கார்ந்து பேசுங்கள். முதல் கேள்வி, எந்த நாள்? நாம் பள்ளிக்குத் தோதாகச் சனிக்கிழமையைச் சொல்வோம். மெக்கானிக்குக் கல்லா நிரம்புகிற நாளே அதுதான். அன்றைக்கு அவர் வந்தாலும் மனசு கடையில்தான் இருக்கும். பெரும்பாலும் வார நடுவில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கடையில் கூட்டம் குறையும். அந்த நேரத்தில் இரண்டு பீரியட் ஒதுக்கித் தர முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஒருவர் ஒரு வாரம், மற்றவர் அடுத்த வாரம் என்று முறை வைத்தால் யாருக்கும் பாரம் தெரியாது.

இரண்டாவது, சம்பளம். இலவசமாக வருகிறேன் என்று அவர்களே சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு மணி நேரம் கடையை விட்டு வந்தால் அந்தக் கூலி போச்சு. முன்னாள் மாணவர்கள் தரும் பணத்தில் முதல் செலவு இந்த மதிப்பூதியமாக இருக்கட்டும், கருவி இரண்டாவதாக வரட்டும். பத்துப் பேர் மாதாமாதம் ஒரு சிறு தொகை போட்டாலே இது நடக்கும். ஒரே தடவை பெரிய தொகை தந்துவிட்டு மறந்துபோகிறவர்களைவிட அந்தப் பத்துப் பேர் எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர் மெக்கானிக்குகளில் பலர் எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, எடுபிடிப் பையனாக நின்று, தலையில் கொட்டு வாங்கித் தொழில் பழகியவர்கள். அதே பள்ளி அவர்களைத் திரும்ப உள்ளே கூப்பிடுகிறது. பிள்ளைகள் ‘சார்’ என்று கூப்பிடட்டும். குடியரசு தின மேடையில் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். கூடவே ஒரு விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்: கை ஓங்கக் கூடாது, திட்டக் கூடாது, பையன் தடுமாறினால் ஸ்பேனரைப் பிடுங்கித் தானே முடித்துவிடக் கூடாது. தொழில் தெரிந்தவருக்கு இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்பக் கஷ்டம். வகுப்பு நடக்கும்போது ஓர் ஆசிரியர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

அனுமதி விஷயத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. 1978இல் பிளஸ் டூ வந்தபோதே தமிழ்நாட்டில் தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. அந்தப் பிரிவில் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் புதிதாக ஒரு பிரிவு தொடங்க அரசு ஒப்புதல், ஆசிரியர் பணியிடம் எல்லாம் வேண்டும். அதற்கு மனு கொடுத்து வையுங்கள், காத்திருக்காதீர்கள். உடனே செய்ய முடிவது வாரம் ஒரு நாள் நடக்கும் ஒரு மன்றம். மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்குங்கள். பெற்றோரிடம் ஒப்புதல் கடிதமும் வாங்குங்கள். இதில் சான்றிதழ் எதுவும் கிடைக்காது என்பதை அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பத்தாவது முடித்தபின் இதே தொழிலைப் பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கு ஐடிஐயில் இரண்டு வருட மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இருக்கிறது. அதற்கு இந்த மன்றம் நல்ல அடித்தளமாக இருக்கும்.

ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே யாரையும் சேர்க்க வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலையில் வைப்பதை 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. நீங்கள் நடத்துவது வேலையல்ல, படிப்பு. அந்தக் கோடு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘பழகட்டும்’ என்று சொல்லி லீவு நாளில் யாரையும் கடைக்கு அனுப்பிவிடக் கூடாது.

பணத்தை யார் கையிலும் ரொக்கமாக வாங்காதீர்கள். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இதற்காகவே இருக்கிறது. முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் அதன் வழியாகப் பள்ளிக்கு உதவலாம். உங்கள் முன்னாள் மாணவர்கள் வேலை பார்க்கும் கம்பெனி பெரியதென்றால் கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டியிருக்கும், தொழில் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. அவர்களையே மனிதவளத் துறையில் பேசச் சொல்லுங்கள். பணத்தைவிட, கம்பெனி கழித்துப்போட்ட ஒரு என்ஜினோ கியர் பாக்ஸோ கிடைத்தால் அது பெரிய புதையல்.

வண்டி நன்கொடையில் மட்டும் கவனம். ‘வீட்டில் பழைய வண்டி சும்மா நிற்கிறது, எடுத்துக்கோங்க’ என்று நிறையப் பேர் வருவார்கள். ஆர்சி புத்தகம் இல்லாத வண்டி பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. தந்தவர் பெயரில் எழுத்துப்பூர்வக் கடிதம், ஆர்சி நகல், சேஸிஸ் எண் மூன்றும் பதிவேட்டில் ஏறட்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவை ரத்து செய்துவிட்டுத் தரச் சொல்வது இன்னும் நல்லது. நான் தொடங்கிய முதல் வருடம் ஆசையில் கிடைத்ததையெல்லாம் வாங்கிப் போட்டேன். பாதி காயலாங்கடைச் சரக்கு, ஒரு வண்டிக்குப் பேப்பரே இல்லை. அதை ஒழுங்குபடுத்த நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு வண்டி போதும். ஒன்று கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த பழைய 100 சிசி. இன்னொன்று முடிந்தால் 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. அந்த மாற்றத்தோடு கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், சென்சார் எல்லாம் வந்துவிட்டன. உங்கள் மெக்கானிக்குகள் பழைய வண்டியில் கில்லாடிகளாக இருந்தும் இதில் தயங்கலாம். அங்கேதான் ஒரகடத்துப் பிள்ளைகளுக்கு வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரும்போது ஒரு வகுப்பு எடுக்கட்டும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். அது இந்த மன்றத்துக்கான வேலையில்லை.

ஒரு அணிக்கு 12 பேர், அதற்கு மேல் வேண்டாம். மூன்று பேருக்கு ஒரு செட் என்று நாலு செட் கருவி. 8, 10, 12, 14, 17 எண் ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், பிளக் ஸ்பேனர். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வைஸ் (பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி), ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் தகடுகள்), டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவாக இறுக்கும் ஸ்பேனர்), மின்சாரம் அளக்க இரண்டு மல்டிமீட்டர். தரமான கருவியாக வாங்குங்கள். மட்டமான ஸ்பேனர் போல்ட்டின் முனையை மழுக்கும், வழுக்கிக் கையையும் கிழிக்கும்.

எதைச் சொல்லித்தருவது என்று மெக்கானிக்கிடம் விட்டால் முதல் நாளே என்ஜினைப் பிரித்துவிடுவார். பிள்ளைகளுக்கும் அதுதான் ஆசை. ஆனால் சக்கரம் கழற்றி மாட்டுவது, செயின் தளர்வு, பிரேக் அட்ஜஸ்ட், பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் மாற்றுவது என்று போய், அப்புறம் மின்சாரம், கடைசியில் என்ஜின். மின்சாரத்தில் அவசரம் வேண்டாம். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் காட்டும், வண்டி ஓடும்போது 14 அளவுக்கு ஏறும். ஏறவில்லையென்றால் கோளாறு எந்தப் பக்கம் என்று பிள்ளைகளையே தேட விடுங்கள். கணக்கு டீச்சரையும் ஒரு நாள் கூப்பிடுங்கள். செயின் மாட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன் ஸ்ப்ராக்கெட் எத்தனை சுற்ற வேண்டும்? விகிதக் கணக்கில் தடுமாறும் பையன் இங்கே விரலால் எண்ணியே பிடித்துவிடுவான்.

பெண் பிள்ளைகள் பெயர் கொடுத்தால் தயங்காமல் சேருங்கள். துப்பட்டா, வளையல், தொங்கும் பின்னல் மட்டும் ஓடும் பாகங்களுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. எல்லோருக்கும் செருப்பு கூடாது, ஷூதான்.

நான் அதிகம் பயப்படுவது செயினுக்குத்தான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, கியரில் வைத்துத் துணியால் செயின் துடைக்கும் பழக்கம் கடைகளில் உண்டு. துணி ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் விரல் போய்விடும். உங்கள் பள்ளியில் செயின் துடைப்பது என்றால் என்ஜின் நின்றிருக்க வேண்டும், சாவி ஆசிரியர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பாகங்களைப் பெட்ரோலில் கழுவுவதையும் தடுத்துவிடுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து தூரத்துத் தீப்பொறியையும் பிடிக்கும். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கழிவு ஆயிலைக் கேனில் சேர்த்து அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் தர வேண்டும், வேலியோரம் ஊற்றக் கூடாது.

வண்டியை ஓட்டிப் பார்ப்பது பிள்ளைகள் வேலை இல்லை. 18 வயது ஆகாதவர் கியர் வண்டி ஓட்டி மாட்டினால், 2019 திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் உண்டு. அதேபோல் ‘என் வண்டிக்கும் ஒரு சர்வீஸ் போட்டுக் கொடுங்கப்பா’ என்று ஆசிரியர்கள் கேட்டால் முதல் வருடம் மறுத்துவிடுங்கள். அப்படி ஆரம்பித்தால் பிள்ளைகள் படிப்பது நின்று, உழைப்பது தொடங்கிவிடும்.

சரி, அறை. 20க்கு 20 அடி, 12 பேருக்குத் தாராளம். இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிறதா பாருங்கள். மூடிய அறையில் என்ஜின் ஓடினால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அதனால் ஸ்டார்ட் செய்யும் வேலை எல்லாம் வாசலுக்கு வெளியேதான். தரை வழுக்காத சிமெண்டாக இருக்கட்டும், வண்டி ஏறுகிற மாதிரி ஒரு சாய்தளம் போடுங்கள். சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயிண்டில் வரைந்து, அதன் மேலேயே மாட்ட வையுங்கள். எந்த ஸ்பேனர் திரும்பவில்லை என்பது வாசலில் நின்றாலே தெரியும். கடைசி பத்து நிமிடம் கை கழுவவும் கருவி எண்ணவும் மட்டும். பலகை நிறைந்த பிறகுதான் அறையைப் பூட்ட வேண்டும்.