துக்கத்தோடே, சந்தோஷத்தோடே

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். சிறிய அளவில் தொடங்கிய தொழில் வளர்ந்து, இன்று நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலையில் கர்த்தர் என்னை வைத்திருக்கிறார். ஒவ்வொரு டிசம்பரிலும் வருமானத்தில் கணிசமான தொகையை ஆதரவற்றோர் இல்லங்களுக்கு அனுப்புகிறேன். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்பதால் பெயரைச் சொல்வதில்லை, நேரில் போவதும் இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் ஆராதனையில் குழந்தை இயேசுவைக் கிடத்திய முன்னணையைப் பற்றிப் பாடும்போது நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொள்கிறது. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற வசனம் நினைவுக்கு வருகிறது. செல்வம் பாவமா? எல்லாவற்றையும் விற்றால்தான் விடுதலையா? அதற்கு எனக்குத் துணிவில்லை என்பதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரருக்கு,

துணிவில்லை என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 

ஒட்டகத்திலிருந்து தொடங்குகிறேன். எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு சிறிய வாசல் இருந்தது, சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டால் ஒட்டகம் நுழைந்துவிடும் என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று எதுவும் கிடையாது. இயேசு சொன்னது தையல் ஊசியைத்தான். அந்தக் கடினத்தை நாம் தேய்த்து மழுப்பக்கூடாது. ஆனால் அதை அவர் சொன்ன நேரத்தைக் கவனியுங்கள். நித்திய ஜீவனை அடைய என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வந்த பணக்காரன் திரும்பிப் போய்விட்ட பிறகு சொல்கிறார். அவன் எதிரே நின்றபோது நடந்ததை மாற்கு மட்டும் குறித்து வைத்திருக்கிறார்: இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்தார். உள்ளதையெல்லாம் 'விற்றுக் கொடு' என்று அவனிடம் சொன்ன சொல் அந்த அன்பிலிருந்து வந்தது. அவனோ 'துக்கத்தோடே போய்விட்டான்'.

இனி லூக்கா 19ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். எரிகோவில் சகேயு. வரி வசூலித்த ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான், ஊரே வெறுத்தவன். இயேசு அவனை எதையும் விற்கச் சொல்லவில்லை. 'இன்று உன் வீட்டில் தங்க வேண்டும்' என்கிறார், அவ்வளவுதான். இயேசுவைப் பார்க்க ஏறியிருந்த மரத்திலிருந்து அவன் சீக்கிரமாய் இறங்கி, 'சந்தோஷத்தோடே' அவரை அழைத்துக்கொண்டு போகிறான். நம் பழைய மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு சொற்களும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. துக்கத்தோடே ஒருவன், சந்தோஷத்தோடே ஒருவன். இருவரும் பணக்காரர்கள். சகேயுவின் வீட்டில் முதலில் திறந்தது கதவு. பணப்பை அதன் பிறகுதான் திறந்தது, யாரும் கேட்காமலே.

எல்லாவற்றையும் அவன் கொடுத்துவிடவில்லை. பாதியைக் கொடுத்தான். ஆகவே 'எல்லாம் விற்றால்தானா' என்ற உங்கள் கேள்விக்கு, எல்லோருக்கும் ஒரே அளவு வைக்கப்படவில்லை என்பதே என் பதில். இதை ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதி என்பது நீங்கள் சொல்லும் 'கணிசமான தொகை'யைவிடப் பெரியதாக இருக்கக்கூடும்.

சகேயு சொன்ன இரண்டாவது வாக்கியத்தை நாம் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். எவனிடத்திலாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொள்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்துச் சட்டம். நாலத்தனை என்பது யாத்திராகமம் 22இல் ஆட்டைத் திருடி விற்றவனுக்கு விதித்த அளவு. சகேயு அந்த அளவைத் தன் தலையில் தானே வைத்துக்கொண்டான். ஏழைகளுக்குக் கொடுக்கும் தர்மமும் ஏமாற்றப்பட்டவர்களுக்குச் செலுத்தும் கடனும் அவன் கணக்கில் தனித்தனியாக இருந்தன. ஒன்றைக் காட்டி மற்றதை அவன் மூடவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதனால்தான் ஒன்றைக் கேட்கிறேன். உங்களிடம் வேலை செய்யும் நாற்பது பேரில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர் அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிகிறதா? பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். கூலிக்கே குரல் உண்டு! நெஞ்சில் அடைப்பதாக நீங்கள் சொல்வது அந்தக் குரலாக இருந்தால், எந்த இல்லத்துக்கு எவ்வளவு அனுப்பினாலும் அது அடங்காது. அங்கே எல்லாம் நேராக இருக்கிறதென்றால் நான் மகிழ்வேன். அப்படியானால் அடைப்புக்குக் காரணம் வேறு.

அது உங்கள் கடிதத்திலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது: 'நேரில் போவதும் இல்லை.' வலதுகை, இடதுகை வசனத்தில் நம் ஆண்டவர் கண்டித்தது மனுஷர் காணவேண்டுமென்று தாரை ஊதித் தர்மம் செய்வதை. வேடிக்கை பார்ப்பவர்களிடமிருந்து மறைக்கச் சொன்னார். பெறுகிறவரிடமிருந்தே நம் முகத்தை மறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நானும் பல ஆண்டுகள் இந்த வசனத்தின் பின்னால் ஒளிந்திருந்தவன். பணிவு என்று நான் நினைத்திருந்தது, நெருங்கிப் போனால் இன்னும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான்.

பயம் என்றதும், இயேசு பிறந்தபோது அந்த நாட்டை ஆண்ட ஏரோது ராஜா நினைவுக்கு வருகிறான். பெத்லகேமிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டரில் அவனுடைய ஏரோதியம் இருந்தது. குன்றையே மண் கொட்டி உயர்த்தி, அதற்குத் தன் பெயரையும் வைத்து அவன் கட்டிய அரண்மனைக் கோட்டை அது. பெத்லகேம் பக்கத்து வயல்வெளியில் நின்றால் அந்தக் குன்று கண்ணில் படும். அவ்வளவும் வைத்திருந்தவன், ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று கேட்டுக் கலங்கினான் என்கிறார் மத்தேயு. மனைவி மரியம்னேயையும் பெற்ற மகன்கள் மூவரையும் சந்தேகத்தால் கொன்றவன் அவன். மத்தேயுவின் அதே அதிகாரத்தில், குழந்தையைத் தேடிக் கிழக்கிலிருந்து பொன்னோடு வந்த சாஸ்திரிகளும் இருக்கிறார்கள். அவர்களும் வசதியானவர்களே. தொலைதூரம் நடந்து வந்து, பணிந்து, 'தங்கள் பொக்கிஷங்களைத் திறந்து' வைத்தார்கள். அந்தப் பொன்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஒரே அதிகாரத்தில் பூட்டிய செல்வம் நடுங்குகிறது, திறந்த செல்வம் வேறு வழியாய் நிம்மதியாக ஊர் திரும்புகிறது.

கிறிஸ்துமஸில் தேவன் செய்தது என்ன? பரலோகத்தில் இருந்துகொண்டே நமக்கு உதவி அனுப்பியிருக்க முடியும். வந்துவிட்டார். ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நம் நிமித்தம் தரித்திரரானார் என்கிறார் பவுல். தரித்திரம் என்பது அங்கே உவமை கிடையாது. பிள்ளை பெற்றபின் காணிக்கையாக ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாத தாய் இரண்டு புறாக்களைச் செலுத்தலாம் என்கிறது லேவியராகமம் 12. மரியாள் செலுத்தியது அந்த ஏழையின் காணிக்கையைத்தான்.

வந்தவரைப் பார்த்து வாழக் கற்றவர்களில் பசிலியாரை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றைய துருக்கியில் இருக்கும் கப்பதோக்கியாவில் பெரிய நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர், 370இல் செசரியாவின் ஆயரானவர். அதற்குச் சற்று முன் வந்த பஞ்சத்தில் களஞ்சியக்காரர்களிடம், நீ வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் பூட்டிய உடை உடுக்க இல்லாதவனுடையது என்று முகத்துக்கு நேரே பிரசங்கித்தார். பேச்சோடு நிற்கவில்லை. இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு தானே கஞ்சி ஊற்றினார் என்றும், குஷ்டரோகிகளை முத்தமிட்டு வரவேற்றார் என்றும் அவருடைய நண்பர் நாசியான்சுவின் கிரகோரியார் பதிவு செய்திருக்கிறார். ஆள் அனுப்பிக் கொடுக்க அவருக்கு வசதி இல்லாமலா போயிற்று?

துணிவு முதலில் வந்து, பிறகு விடுதலை வரும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். சகேயு துணிந்த பிறகு கதவைத் திறக்கவில்லை. விருந்தாளி உள்ளே வந்த பிறகுதான் அவனுக்குத் துணிவு பிறந்தது.

இந்த டிசம்பரில் பணத்தை வழக்கம்போல அனுப்புங்கள். ஆனால் 25ஆம் தேதிக்கு முன் ஒரு நாள் அந்த இல்லங்களில் ஒன்றுக்குத் தனியாகப் போங்கள். படம் எடுக்க யாரையும் கூட்டிப் போகாதீர்கள். ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். உங்கள் பெயரைச் சொல்லி அவர்கள் பெயரைக் கேளுங்கள். அதற்கு முந்தின நாள் சம்பளப் பதிவேட்டின் கடைசிப் பெயர்க்காரரை அழைத்துப் பேசிவிடுங்கள்.

ஜனவரியில் உங்கள் அடுத்த கடிதத்துக்காகக் காத்திருப்பேன். அதுவரை உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

அன்புடன்.