சிலர் மட்டும் நூறு வயதைத் தாண்டி வாழ்கிறார்களே, என்ன காரணம்?

உங்கள் வீட்டிலும் வயதான ஒருவர் இருப்பார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஆயாவுக்கு 101 வயது. கடலூர் முதுநகரில் எங்களோடுதான் இருக்கிறார். 1924-ல் புதுச்சேரியில், பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர். அங்கே அப்போதே பிறப்பைப் பதிவேட்டில் எழுதினார்கள், நகல் எங்களிடம் இருக்கிறது. வயதைக் கூட்டிச் சொல்கிறேன் என்று யாரும் வர வேண்டாம்.

ஆயாவைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அந்தக் காலத்துக் கேழ்வரகுக் கூழு, அதான்." என் அம்மா, ஆயாவின் மூத்த மகள், 2016-ல் 63 வயதில் இறந்தார். சர்க்கரை, அப்புறம் சிறுநீரகம். கருமாதி அன்று ஒரு உறவினர், "உங்க அம்மாவும் ஆயா மாதிரி வாயைக் கட்டியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பா" என்றார். இன்னும் எனக்கு ஆறவில்லை. அம்மா வளர்ந்ததும் ஆயா காய்ச்சிய கூழில்தான். ஆயாவோடு பிறந்த ஐந்து பேரும் ஒரே பானையில் குடித்தவர்கள், ஒருவர்கூட எழுபதைத் தொடவில்லை. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று யாராவது கேட்டார்களா?

கூழ் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் குடிக்கிறேன். சர்க்கரைக்குப் பத்தியம் வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் நூறு என்பது வேறு கணக்கு. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்களை ஆராய்ந்ததில், ஆயுளில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் சுமார் கால் பங்குதான் பரம்பரையால் என்று தெரிந்தது. நூறைத் தாண்டுகிறவர்களிடம் அந்தப் பங்கு கூடும் என்கிறார்கள். மிச்சத்தில் வாழும் விதம் உண்டு, நோய் நொடி உண்டு, வெறும் அதிர்ஷ்டமும் நிறைய உண்டு. பிரான்ஸில் ழான் கல்மான் 122 வயது வாழ்ந்து 1997-ல் இறந்தார். உறுதி செய்யப்பட்ட வயதுகளில் அதுதான் அதிகம். நூறு வயதுக்குப் பிறகும் சிகரெட் பிடித்தவர். அவருடைய ஒரே மகள் 1934-லேயே போய்விட்டார். அந்தப் பெண்ணும் வாயைக் கட்டவில்லை என்பார்களோ?

இவ்வளவு வயது வாழ்கிறவர்களை நாம் நடத்தும் விதத்தையும் சொல்ல வேண்டும். தாத்தாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு வருஷா வருஷம் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். போன முறை ஆயாவை ஆட்டோவில் கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தோம். ரேகை பதியவில்லை. அரைத்து, துவைத்து, மீன் கழுவித் தேய்ந்த விரல்கள். முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதி வந்து சில வருஷம் ஆகிறது, கவுன்டரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. "இன்னொரு விரல் வைங்க" என்றார்கள். ஆயா ஒவ்வொரு விரலாக முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டே இருந்தார்.