அழுத்தம் நிலைத்துவிட்டால் சங்கிலிகளும் சமநிலை அடைந்துவிட்டனவா?

கேள்வி: பாலிமர் சங்கிலியை மணிகள் கோத்த இழையாகக் காட்டும் கிரெமர்–கிரெஸ்ட் மாதிரியில், சங்கிலிக்கு 500 மணிகள் வீதம் 200 சங்கிலிகள் கொண்ட உருகிய பாலிமரை, மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணினியில் கணக்கிடும் லாம்ப்ஸ் (LAMMPS) மென்பொருளில் ஓட்டுகிறேன். ரேண்டம் வாக் முறையில், அதாவது ஒவ்வொரு மணியையும் தற்செயலான திசையில் அடுத்தடுத்து வைத்து, சங்கிலிகளை அமைத்து, ஒன்றன்மேல் ஒன்று கிடந்த மணிகளை விலக்கிவிட்டு, 0.01 காலப்படியில் 50 லட்சம் படிகள் ஓட்டினேன். ஆற்றலும் அழுத்தமும் தொடக்கத்திலேயே நிலைத்துவிட்டன. ஆனால் மூன்று தனித்தனித் தொடக்கங்களிலிருந்து மூன்று வெவ்வேறு பின்னல் நீளங்கள் (ஒரு சங்கிலியில் அடுத்தடுத்த இரு பின்னல்களுக்கு இடையிலுள்ள மணிகளின் எண்ணிக்கை) கிடைக்கின்றன. பிழை எங்கே இருக்கிறது?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பிழை பின்னல் நீளத்தைக் கணக்கிட்ட முறையில் அல்ல, அதற்கு முன்பே நேர்ந்திருக்கிறது. ஆற்றலையும் அழுத்தத்தையும் தீர்மானிப்பவை ஒவ்வொரு மணியையும் ஒட்டியிருக்கும் அண்டை மணிகள்தாம். அந்த அண்டை அமைப்பு மிக விரைவில் சீராகிவிடும். ஒரு சங்கிலி தன் முழு நீளத்தில் எப்படிச் சுருண்டு கிடக்கிறது என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லவே மாட்டா.

கர்ட் கிரெமரும் கேரி கிரெஸ்டும் 1990-இல் வெளியிட்ட இந்த மாதிரியில், அடர்த்தி 0.85, வெப்பநிலை 1 என்ற வழக்கமான நிலையில், N மணிகள் கொண்ட சங்கிலியின் ரவுஸ் தளர்வு நேரம் (பிற சங்கிலிகளோடு பின்னிக்கொள்ளாவிட்டால் சங்கிலி தன் பழைய உருவத்தை மறக்க எடுக்கும் நேரம்) ஏறத்தாழ 1.5 N² கால அலகுகள். உங்கள் சங்கிலிக்கு அது 3.75 லட்சம், நீங்கள் ஓட்டியதோ (50 லட்சம் × 0.01) 50,000 மட்டுமே. பின்னல் நீளம் சுமார் 85 மணிகள் என்று கொண்டால், அந்த அளவுள்ள துண்டு தளர ஏறத்தாழ 10,000 அலகுகள் ஆகும். எனவே உங்கள் ஓட்டத்தில் சிறு துண்டுகள் தளர்ந்திருக்கும், ஆனால் அதைவிட நீண்ட துண்டுகள் நீங்கள் தொடக்கத்தில் வைத்த உருவத்தையே பெரும்பாலும் சுமந்துகொண்டிருக்கும். ஒரு சங்கிலிக்கு ஏறக்குறைய ஆறு பின்னல்கள் இருப்பதால், முழுச் சங்கிலியும் பழைய உருவத்தை மறக்க ரவுஸ் நேரத்தைவிடவும் பல மடங்கு ஆகும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வரைபடம் போதும். சங்கிலியில் n பிணைப்புகள் இடைவெளியுள்ள இரு மணிகளுக்கு இடையிலான தொலைவின் இருமடியைச் சராசரி எடுத்து, n-ஆல் வகுத்து, n-க்கு எதிராக வரையுங்கள். சமநிலை அடைந்த உருகலில் அந்தக் கோடு மெல்ல ஏறி, சுமார் 1.75-இல் தட்டையாகிவிடும். மணிகளை அவசரமாக விலக்கியிருந்தால், சிறிய, நடுத்தர n மதிப்புகளில் ஒரு மேடு எழும். நெரிசலிலிருந்து தப்ப மணிகள் சிதறியபோது சங்கிலி அங்கே இழுபட்டுவிட்டது என்பதன் அடையாளம் அது. நீங்கள் சிறிது காலம் ஓட்டியிருப்பதால், அந்த மேடு இடப்பக்கம் மறைந்து வலப்பக்கம் நகர்ந்திருக்கக்கூடும். அது மறைந்த பகுதியை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அதே சமயம் வரைபடத்தின் வலக் கோடியில் உங்களிடம் இருப்பவை 200 மாதிரிகள்தாம். அங்கே 6 விழுக்காடு ஏற்ற இறக்கம் வெறும் புள்ளியியலாலேயே வரும்.

ஒப்பிடுவதற்கு 50 மணிகள் கொண்ட குறுஞ்சங்கிலி உருகல் ஒன்றைத் தனியே ஓட்டுங்கள். அதன் ரவுஸ் நேரம் 4,000 அலகுகளுக்கும் குறைவு என்பதால், அது ஐயமின்றிச் சமநிலை அடையும். அதன் கோட்டின் இடப்பகுதியோடு உங்கள் கோடு பொருந்த வேண்டும்.

நீண்ட சங்கிலிகளைப் புதிதாக அமைக்கும்போது, ஒன்றுவிட்டு அடுத்த மணி மிக அருகில் வராதபடி தடை வைத்து, குறுஞ்சங்கிலி காட்டும் விறைப்பை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். விலக்கும் விசையை ஒரே மூச்சில் முழு வலுவுக்குக் கொண்டுபோகாமல், நீண்ட ஓட்டத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். அதற்கு முன் மணிகளின் அடர்த்தி பெட்டி முழுவதும் ஒரே சீராக இருக்கும்படி சங்கிலிகளை முழுதாக நகர்த்தியும் திருப்பியும் அடுக்கிக்கொண்டால் இன்னும் நல்லது. அவுல், எவரேர்ஸ் முதலானோர் 2003-இல் விரிவாக எழுதிய வழி இதுதான்; நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது வழி, அருகருகே வரும் இரு சங்கிலிகளின் பிணைப்புகளை அறுத்து மாற்றிக் கட்டுவது. லாம்ப்ஸில் இதற்குக் கட்டளை உண்டு. அதைப் பயன்படுத்தினால், மூலக்கூறு எண்ணைச் சங்கிலிக்கு ஒன்று என்று கொடுக்காமல், ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு முனையிலிருந்து 1 முதல் 250 வரையும், பிறகு 250-இலிருந்து 1 வரை திரும்பவும் இடுங்கள். அப்போதுதான் மாற்றிக் கட்டிய பிறகும் எல்லாச் சங்கிலிகளும் 500 மணிகளாகவே இருக்கும். சங்கிலி நீள நீள இத்தகைய மாற்றத்துக்குத் தகுந்த இடங்கள் அரிதாகும் என்பதால், அமைப்பிலேயே செய்துவிட்ட தவறுகளை இது சரிசெய்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே செய்த மூன்று ஓட்டங்களின் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். அந்த வரைபடத்தை மூன்றுக்கும் முதலில் வரைந்து பாருங்கள். பின்னல் நீளங்கள் வேறுபடும் அதே வரிசையில் கோடுகளும் பிரிந்து கிடந்தால், காரணம் உங்கள் கையில் கிடைத்துவிட்டது.