முழங்கால் கதவுக் கீல் அன்று

குடியாத்தத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 47, இருபது ஆண்டுகளாக வீட்டில் சம்மணமிட்டு அமர்ந்து பீடி சுற்றுகிறார். எழும்போது முழங்கால் ‘சடக்’கென்று ஒலித்து வலிக்கிறது, வலது கைப் பெருவிரலின் அடியிலும் வலி. பதினோராம் வகுப்பு படிக்கும் மகளின் பாடநூலில் முழங்கால் ‘கீல் மூட்டு’ என்றிருப்பதைப் பார்த்துவிட்டு, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவதுபோல் தைலம் தேய்த்தால் போதுமா, இரண்டு வலிக்கும் ஒரே வைத்தியம்தானா, கார்த்திகை ஞாயிறன்று சோளிங்கர் மலை ஏறலாமா என்று கேட்கிறார்.

இரண்டு எலும்புகள் சேரும் இடமே மூட்டு. அவற்றுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதை வைத்தே அதன் வகையைச் சொல்கிறோம். மண்டையோட்டு எலும்புகளை நார்த்திசு தைத்தாற்போல் பிணைத்திருப்பதால் அவை அசைவதில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவேயுள்ள குருத்தெலும்பு வட்டுகள் சிறிதளவே அசைய விடுகின்றன. கை கால்களில் பெரும்பாலானவை மூன்றாம் வகையான திரவ மூட்டுகள். உங்கள் இரண்டு வலிகளும் இந்த வகையில்தான் வருகின்றன.

திரவ மூட்டுக்குள் எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது. நலமான முழங்காலில் அதன் அளவு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு; மூட்டின் உட்சவ்வே அதைச் சுரக்கிறது. எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போது பஞ்சுபோல் அமுங்கி விரிந்து, இந்தத் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. ஆகவே மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பது அதற்கு ஒருவகைப் பட்டினி. தைலம் தோலைத் தாண்டி மூட்டுக்குள் போவதில்லை. தேய்க்கும் சூட்டில் தசை இளகுவதால் இதம் கிடைக்கும், அந்த அளவில் அது நல்லதே. (‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்று நம் பக்கம் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு: குருத்தெலும்பு, அதன்மேல் அமரும் பிறை வடிவத் தட்டு, எலும்புகளைக் கட்டும் நார் ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். மருத்துவர் அப்படிச் சொன்னால் எந்த ஜவ்வு என்று கேளுங்கள்.)

முழங்காலைக் கீல் மூட்டு என்பது பள்ளிப் பாடத்துக்குப் போதும். உண்மையில் அது கொஞ்சம் திருகவும் செய்யும். காலை முழுதாக நீட்டும் கடைசிக் கட்டத்தில் தொடையெலும்பு சற்றே உள்நோக்கித் திரும்பிப் பூட்டிக்கொள்வதால்தான் நெடுநேரம் களைப்பின்றி நிற்க முடிகிறது. மடக்கியதும் பூட்டு அவிழ்ந்து, மூட்டு திருக இடம் கொடுக்கிறது. சம்மணமிடுவதற்கு வேண்டிய திருப்பம் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் சுழலும் பந்துக்கிண்ண மூட்டான இடுப்பிலிருந்து வரவேண்டும். இடுப்பு இறுகியிருந்தால் அந்தத் திருகல் முழங்காலில் விழும். எனவே நான்கு விரல் உயரமாவது உள்ள மணைமேல் அமருங்கள், மேலே வைக்கும் காலை மாற்றுங்கள், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடங்கள். காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, அதை ஐந்து விநாடி கீழே அழுத்தித் தளர்த்துவதை நாள்தோறும் பத்து முறை செய்தால், மூட்டின் சுமையைத் தாங்கும் முன்தொடைத் தசை வலுப்படும். வலியற்ற ‘சடக்’ பெரும்பாலும் திரவத்திலுள்ள வாயுக் குமிழாலோ நழுவும் தசைநாணாலோ (தசையை எலும்போடு கட்டும் நார்) எழுவது, அஞ்ச வேண்டியதில்லை. உங்களுக்கு வலியும் சேர்ந்து வருவதால் ஒருமுறை காட்டிவிடுவதே முறை.

பெருவிரலின் கதை வேறு. அதன் அடியிலிருப்பது சேண மூட்டு: குதிரைச் சேணங்கள் இரண்டைக் குறுக்காகக் கவிழ்த்து வைத்ததுபோன்ற அமைப்பு. பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்பது இதனால்தான். பீடி இலையைச் சுருட்டுவதும் இந்த அசைவே. (விரல் மடங்கிப்போன தொழுநோயாளிகளின் கைகளுக்கு இதே அசைவை மீட்டுத்தரத்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தசைநாண் மாற்று அறுவையைத் தொடங்கினார்.) நுனியில் கொடுக்கும் அழுத்தம் இந்தச் சிறிய மூட்டில் பல மடங்காக இறங்குவதால், நாற்பதைக் கடந்த பெண்களுக்கு இங்கே தேய்வு வருவது சாதாரணம். முழங்காலுக்கு அசைவு மருந்தென்றால் இதற்கு ஓய்வே மருந்து: வலி மிகுந்த நாள்களில் பெருவிரல் பட்டை அணியுங்கள், இலை வெட்டும் கத்தரிக்கோலின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். வலி மணிக்கட்டின் ஓரமாக ஏறினால் அது மூட்டாக இல்லாமல் தசைநாண் உறையின் வீக்கமாகவும் இருக்கலாம். அதைக் கையைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சோளிங்கரில் 1,305 படிகள். முழங்காலில் வீக்கமில்லை என்றால் நின்று நின்று ஏறலாம். ஆனால் இறங்கும்போதுதான் முழங்கால் சில்லின் பின்புறம் அதிகம் அழுந்தும், ஆகவே இறங்குவதற்கு ரோப் காரைப் பிடியுங்கள். மூட்டு வீங்கினாலோ, பாதியில் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் மடங்கிப்போனாலோ மலையைத் தள்ளிவைத்துவிட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் எலும்பியல் பிரிவுக்குச் செல்லுங்கள். காய்ச்சலுடன் மூட்டு சிவந்து சுட்டால் அன்றைக்கே செல்ல வேண்டும்.